வாங்க வேண்டியது உருளை, காய்ச்ச வேண்டியது சாஸ்

சீஸ் ஊற்றிய உருளை வறுவலை, கடைப் பலகைகளில் ‘லோடட் சீஸ் ஃப்ரைஸ்’ என்று எழுதியிருக்கும் அந்தப் பண்டத்தை, கடை ருசியிலேயே வீட்டில் செய்துவிடலாம் என்று வாக்குத் தராத சமையல் காணொளி அரிது. கடைசிக் காட்சியில் சீஸ் நூலாக இழுபடும். செய்தவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவார். அத்தோடு முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்து அந்தத் தட்டு என்ன ஆனது என்று எவரும் காட்டுவதில்லை. இந்தப் பண்டத்தை எடைபோட வேண்டிய நேரமோ அந்த ஐந்தாவது நிமிடம்தான். முதல் வாய் எந்தச் செய்முறையிலும் நன்றாகத்தான் இருக்கும். சூடான உருளையும் உப்பும் கொழுப்பும் ஒன்று சேர்ந்தால் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பண்டத்துக்குள்ளேயே ஒரு முரண்பாடு உட்கார்ந்திருக்கிறது. உருளையில் உள்ள நீரை எண்ணெயில் விரட்டித்தான் அதன் மேற்புறத்தை மொறுமொறுப்பாக்குகிறோம். விரட்டி முடித்த கையோடு, நீரும் கொழுப்பும் கலந்த ஒரு குழம்பை அதன் தலையில் ஊற்றுகிறோம். போதாததற்கு, உள்ளே வெந்திருக்கும் மாவுப்பகுதியும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே சாஸ், உள்ளே ஆவி, நடுவில் மெல்லியதோர் ஓடு. அந்த ஓடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது? சாஸ் ஆறும்போதும் சாஸாகவே நிற்கிறதா, பசையாகிறதா? வீட்டில் நின்று செய்தவரின் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான வீட்டுச் செய்முறைகள் தோற்கின்றன என்பது என் கட்சி. மணிக்கணக்கான உழைப்பு உருளைக்குப் போகிறது. சீஸ் மட்டும் குப்பியிலிருந்து வருகிறது. இது தலைகீழ்.

‘கடை மாதிரி’ என்கிறார்களே, எந்தக் கடை? அமெரிக்காவில் இதற்கு இரண்டு மரபுகளாவது உண்டு. வறுத்த உருளைமீது துருவிய செடார் சீஸைக் குவித்து, மேலிருந்து சூடு காட்டி உருக்குவது ஒன்று. டெக்ஸஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் 1978இல் தொடங்கிய ஸ்னஃபர்ஸ் உணவகம் இதற்குப் பேர்போனது. மற்றது ஊற்றும் மரபு. அதன் முன்னோர் உருளை வறுவலில் இல்லை, நாச்சோ எனும் சோளச் சில்லுகளில் இருக்கிறார்கள். 1976இல் அதே டெக்ஸஸின் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் ஃப்ராங்க் லிபர்ட்டோ என்பவர், எந்நேரமும் ஊற்றும் பதத்திலேயே நிற்கும் சீஸ் சாஸை நாச்சோவின் மேல் ஊற்றி விற்கத் தொடங்கினார். ஆட்டத்தின் இடைவெளியில் வரிசை வேகமாக நகர வேண்டும் என்பது அவர் கணக்கு. துரித உணவுக் கடைகளில் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் மரபின் வாரிசுதான். கனடாவின் கியூபெக்கில் 1950களில் பிறந்த பூட்டீன் தனி வழியில் போகிறது. பாதி உருகிய இளஞ்சீஸ் கட்டிகள், மேலே சூடான கிரேவி. உருளை ஊறித்தான் போகும் என்பதை அது ஒளிப்பதில்லை. ஊறியதை விரும்பித்தான் அங்கே உண்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். மொறுமொறுப்பைக் காட்டி அழைத்துவிட்டு நமத்துப்போனதைத் தட்டில் வைப்பதுதான் குறை.

முதல் மரபு நம் வீடுகளுக்கு ஒத்துவராது. நம்மிடம் இருக்கும் சின்ன மின் அடுப்புகளில் மேற்சூடு வலுவாக இருப்பதில்லை. துருவல் உருகக் காத்திருக்கும் நேரமெல்லாம் கீழே உருளை தன் ஆவியில் தானே வேகிறது. செடார் எண்ணெய் கக்கும். மொசரெல்லா போட்டால் இழுபடும், படமெடுக்க உதவும், பிறகு ஆறி ஒரே தகடாகிவிடும். ஒரு துண்டை எடுக்கப்போனால் மொத்தமும் கூடவே எழுந்து வரும். எனவே நான் நிறுத்துப் பார்க்கப்போவது ஊற்றும் மரபை மட்டுமே.

உருளையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, பனிநீரில் ஊறவைத்து, துடைத்து, இருமுறை வறுத்தால் கடையை வென்றுவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. மெக்டொனால்ட்ஸை உலக நிறுவனமாக்கிய ரே க்ராக்கே இந்த நம்பிக்கையில் அடிவாங்கியவர். கலிஃபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் செய்ததை அடி பிசகாமல் பின்பற்றி 1955இல் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளைன்ஸில் கடை போட்டார். வறுவல் மட்டும் சரியாக வரவில்லை. சகோதரர்களின் உருளை, கம்பிவலைத் தொட்டிகளில் பாலைவனக் காற்று பட்டுக் கிடந்து பதமானது என்பதும், அந்தக் கிடப்பில் கிழங்கின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறியது என்பதும் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நிலவறையில் மின்விசிறி வைத்துக் காற்றடித்துச் சமாளித்தார். தன் நினைவுநூலில் அவரே சொல்லும் கதை இது. ஒரே செய்முறை, ஒரே எண்ணெய், ஒரே கை. கிழங்கு மட்டும் வேறு நிலையில் இருந்ததால் பண்டமே வேறாகிவிட்டது.

நம் ஊரில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஃப்ரைஸுக்கு ஏற்ற கிழங்கில் உலர்பொருள் 20 சதவீதத்துக்குமேல் இருக்க வேண்டும், சர்க்கரை மிகக் குறைவாக இருக்க வேண்டும். குழம்புக்கும் பொரியலுக்கும் என விளையும் கிழங்கில் நீர் அதிகம். நீலகிரியில் நெடுங்காலமாகப் பயிராகும் குஃப்ரி ஜோதி, சாம்பாருக்கும் மசாலாவுக்கும் அருமையானது. ஃப்ரைஸுக்குத் தொளதொளவென்று ஆகிவிடும். வடக்கிலிருந்து வரும் கிழங்கோ மாதக்கணக்கில் 2 முதல் 4 டிகிரிக் குளிர்கிடங்கில் கிடந்து வருகிறது. அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. அப்படிப்பட்ட கிழங்கை எண்ணெயில் போட்டால் மொறுமொறுப்பு வருவதற்கு முன்பே நிறம் ஏறிவிடும். வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே சதசதப்பு. வறுத்தவர் கையைக் குறைசொல்லி என்ன பயன்? கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வீடுகளில் இந்தக் கோளாறு நம் செலவிலேயே நடக்கிறது.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கிண்ணம் உப்பைப் பதினொரு கிண்ணம் நீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து மிகுந்தது, மிதந்தால் நீர்ச்சத்து மிகுந்தது. சந்தையில் கூறுபோட்டிருக்கும் கிழங்கை இப்படிச் சோதித்தால் மிதக்கும் கூட்டமே பெரிதாக இருக்கும்.

கிழங்கை வீட்டுச் சமையலறையிலேயே வசப்படுத்த வழி சொன்னவர்கள் உண்டு. இங்கிலாந்துச் சமையல் கலைஞர் ஹெஸ்டன் ப்ளூமன்தால் 1990களில் உருவாக்கிய மும்முறைச் சமையலில் உருளையை உடையும் பதம்வரை வேகவைத்து, ஆறவைத்து, 130 டிகிரியில் ஒருமுறை வறுத்து, மீண்டும் ஆறவைத்து, 180 டிகிரியில் முடிப்பார்கள். அமெரிக்காவின் கென்ஜி லோபஸ்-ஆல்ட், வினிகர் சேர்த்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் சுலபத்தில் கரையாது. ஆகவே துண்டு வெந்தாலும் உடையாது. பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வறுத்து, உறையவைத்து, மறுபடி வறுப்பது. இரண்டுமே நல்ல முறைகள், காரணம் தெரிந்து செய்யப்பட்டவை. ஆனால் உற்றுப் பாருங்கள்: வேகவை, உலர்த்து, அரைவறுவல் செய், உறையவை. ஓர் ஆலை செய்யும் வேலையை இவர்கள் சமையலறையில் ஒரு நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

அந்த ஆலைக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. ஐடஹோவின் ஜே.ஆர். சிம்ப்ளாட் நிறுவனத்தில் 1940களில் உறைந்த ஃப்ரைஸ் உருவானது. 1960இல் கில்பர்ட் லாம், கிழங்கை நீர்ப்பாய்ச்சலில் கத்திவலைக்குள் செலுத்தி ஒரே அளவில் நறுக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். 1967இல் க்ராக்கும் சிம்ப்ளாட்டும் எழுத்து ஒப்பந்தம்கூட இல்லாமல் கைகுலுக்கி முடிவு செய்ததிலிருந்து மெக்டொனால்ட்ஸ் புதுக்கிழங்கை விட்டு உறைந்ததற்கு மாறியது. இன்று குஜராத்தின் மெஹ்சானாப் பகுதி ஆலைகளுக்கு சான்டானா போன்ற ரகங்கள் ஒப்பந்த விவசாயத்தில் விளைகின்றன. நம் மத்திய உருளைக்கிழங்கு ஆய்வு நிறுவனமும் குஃப்ரி ஃப்ரைசோனா என்ற ரகத்தை இதற்கெனவே தந்திருக்கிறது. இந்தக் கிழங்கைச் சர்க்கரை ஏறாதபடி மிதமான குளிரில் வைப்பார்கள். சந்தைக் கூறுக்கு இது வந்து சேர்வது அபூர்வம். நாம் தோல் சீவத் தொடங்கும்போதே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது.

‘புதுசுதான் மேல்’ என்ற பிடிவாதத்துக்கு நியூயார்க்கின் ஷேக் ஷாக் கொடுத்த விலை இன்னும் நல்ல சான்று. நெளிநெளியாக வெட்டி உறையவைத்த ஃப்ரைஸைத் தந்துகொண்டிருந்த அந்தக் கடை, 2013இல் கையால் நறுக்கிய புதுக்கிழங்குக்கு மாறியது. விமர்சகர்கள் கேட்டது அதைத்தான். வாடிக்கையாளர்கள் கேட்டது பழையதை. 2014இல் நெளிவெட்டு, உறைந்த ஃப்ரைஸாகவே திரும்பி வந்தது. சீஸ் ஊற்றுவதற்கு அந்த நெளிவு வெறும் அழகுக்கானதன்று. மேட்டில் ஓடு தடிக்கும், பள்ளத்தில் சாஸ் தங்கும்.

ஆக, உருளையில் என் தீர்ப்பு தயக்கமில்லாதது: உறைந்த பையை வாங்குங்கள், கிடைத்தால் நெளிவெட்டு. பூஞ்சையாக மெல்லிய வெட்டு வேண்டாம். சாஸ் பட்டதும் துவண்டுவிடும். ‘அப்படியானால் அது வீட்டுச் சமையலா?’ என்று கேட்பவர்கள், பாக்கெட் சேமியாவில் பாயசம் வைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு கிலோ பை, கடையில் இரண்டு தட்டின் விலைக்குள் அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வறுப்பதில் வீடு கடையைவிடக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. கடையின் எண்ணெய்த் தொட்டி பெரியது, வெப்பக்கட்டுப்பாடு உள்ளது. உறைந்த உருளை விழுந்ததும் இறங்கும் சூட்டைச் சீக்கிரம் மீட்டுவிடும். நம் வாணலியில் ஒரு லிட்டர் எண்ணெய் இருந்தால் பெரிது. அதில் கால் கிலோ பனிக்கட்டி உருளையைக் கொட்டினால் சூடு சடாரென்று விழும், உருளை எண்ணெய் குடிக்கும். கையால் இரண்டு பிடி, அவ்வளவுதான் ஒரு ஈடு. உறைபதத்தை விட்டு இளக வைக்காமல் நேரே போட வேண்டும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி. பையில் மூன்று நிமிடம் என்று போட்டிருந்தால், சாஸ் ஊற்றப்போகும் உருளைக்கு நான்கு நிமிடமாவது கொடுங்கள். வெறுமனே தின்னும் வறுவலுக்கு இது கொஞ்சம் அதிகம்; ஆனால் ஊற்றப்போகும் ஈரத்தைத் தாங்கத் தடித்த ஓடு தேவை. எடுத்ததும் தாளில் குவிக்காதீர்கள். கம்பித்தட்டில் பரப்பினால் ஆவி கீழேயும் வெளியேறும்.

ஏர் ஃப்ரையருக்கு ஆதரவாளர்கள் பெருகிவிட்டார்கள். உறைந்த ஃப்ரைஸில் அது ஓரளவு வெல்வதற்குக் காரணம் கருவியின் மகிமை அன்று. ஆலையிலேயே உருளை ஒருமுறை எண்ணெயில் குளித்துவிட்டு வந்திருக்கிறது. வெறும் ஃப்ரைஸுக்கு அது போதும், மாலைப் பசிக்குக் குறைசொல்ல முடியாது. சீஸ் ஊற்றினால் அதன் மெல்லிய, வறண்ட ஓடு சீக்கிரமே தோல்போல இழுக்கத் தொடங்கும். இந்தப் பண்டத்துக்கு எண்ணெய்ச் சட்டியே சரி.

எண்ணெயைப் பற்றி ஒரு பேச்சு. மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸின் பழைய புகழில் மாட்டுக்கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1990இல் அமெரிக்காவில் அதைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். மாறிய பிறகும் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அங்குள்ள இந்துக்களும் சைவ உணவினரும் வழக்கு போட, 2002இல் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டிவந்தது. இந்தியாவில் விற்பதற்கு அந்தக் கதை பொருந்தாது. நமக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் போதும். நல்ல சூடு தாங்கும், லேசாக மணக்கும். செக்கெண்ணெய் வேண்டாம், நுரைத்துப் பொங்கும். மேலும் சீஸோடு அதன் வாசம் சண்டை போடும்.

இனி சீஸ். கடையை வீடு வெல்லக்கூடிய இடமும், வீடுகள் கைவிட்டுவிடும் இடமும் இதுதான்.

சீஸை நேரடியாகப் பாலில் உருக்கினால் என்ன நடக்கிறது? கொழுப்பு தனியே மிதக்கும், புரதம் சுருங்கி ரப்பர் உருண்டையாகும். சீஸின் புரதமான கேசினைக் கால்சியம் கட்டிவைத்திருப்பதுதான் காரணம். கட்டுண்ட புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்காது. இதைத் தவிர்க்க, குப்பியை நாடாத செய்முறைகளில் பெரும்பாலானவை மைதாவை வெண்ணெயில் வறுத்து, பால் ஊற்றி, வெள்ளை சாஸ் காய்ச்சி, அதில் சீஸைப் போடச் சொல்கின்றன. திரியாது, உண்மை. ஆனால் நாக்கில் முதலில் தெரிவது மாவு. சீஸ் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஆறினால் ஆடை கட்டும், பிறகு களியாகும். இந்த வெள்ளை சாஸ் வேகவைத்த பாஸ்தாவுக்கு ஏற்றது. உருளையிலேயே மாவு இருக்கிறது, அதன்மேல் இன்னொரு மாவை ஊற்ற வேண்டுமா? என் தராசில் இது தோற்ற முறை.

கடைக்காரர் செய்வது வேறு. 1911இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும், வெப்பநாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸைத் தேடும்போது சோடியம் சிட்ரேட்டைக் கையிலெடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து அமெரிக்காவில் ஜேம்ஸ் க்ராஃப்ட் தன் ப்ராசஸ்டு சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைக் கவர்ந்துகொண்டு சோடியத்தைத் தருகிறது. விடுபட்ட கேசின் ஒரு கையால் கொழுப்பையும் மறு கையால் நீரையும் பிடித்துக்கொள்கிறது. சாஸ் பளபளவென்று ஓடும், ஆறினாலும் சூடேற்றினாலும் மறுபடி ஓடும். சீஸின் எடையில் சுமார் 4 சதவீதம் சோடியம் சிட்ரேட் இருந்தால் எந்தச் சீஸையும் இப்படி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். உணவுத்தரப் பொடியை இணையத்தில் வாங்கலாம். வாங்க மனமில்லாவிட்டால், 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து 13 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரையெல்லாம் அடங்கும்வரை விட்டால் பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் கரைசலேதான். பாயசத்தில் பால் திரியும் என்று பயந்து பழகிய நமக்கு, எலுமிச்சையின் அமிலத்தை வைத்தே சீஸைத் திரியாமல் காப்பது வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் இந்திய வீட்டுக்கு இதுகூடத் தேவையில்லை. அமுல் போன்ற ப்ராசஸ்டு சீஸ் கட்டியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் சிட்ரேட் என்றோ, அதன் எண்ணான 331 என்றோ அச்சாகியிருக்கும். நாம் தேடும் உப்பு உள்ளேயே இருக்கிறது. உணவு ரசிகர்கள் ப்ராசஸ்டு சீஸை ஏளனமாகப் பார்ப்பார்கள். தட்டில் மதுவோடு வைக்கும் சீஸாக அது தாழ்ந்ததுதான். சாஸாக உருகுவதற்கோ அதைவிடப் பொருத்தமானது நம் மளிகைக்கடையில் இல்லை. குறை சுவையில் இருக்கிறது. உப்பு உண்டு, ஆழம் இல்லை. அதற்கு மருந்து, மூன்று பங்கு ப்ராசஸ்டு சீஸுக்கு ஒரு பங்கு முதிர்ந்த செடார். முன்னதிலுள்ள சிட்ரேட் பின்னதையும் சேர்த்துத் தாங்கும்.

நான் பரிந்துரைக்கும் அளவு, 400 கிராம் உறைந்த உருளைக்கு: ப்ராசஸ்டு சீஸ் 120 கிராம், செடார் 40 கிராம், பால் 100 மில்லி. பாலை ஓரத்தில் குமிழி வரும்வரை காய்ச்சி, அடுப்பைச் சிம்மில் வைத்து, துருவிய சீஸைப் பிடிபிடியாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்க விடக்கூடாது. இறக்கும்போது அரைத் தேக்கரண்டி கடுகு பேஸ்ட், ஒரு தேக்கரண்டி மிளகாய் ஊறிய வினிகர். உப்பு? சீஸே போதிய உப்போடு வருகிறது. உருளையிலும் போட வேண்டாம், ஆலை உருளையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பைமேல் பாருங்கள். மிளகாய்த்தூளுக்குப் பதில் ஸ்மோக்டு பாப்ரிக்கா ஒரு சிட்டிகை கிடைத்தால் நல்லது. கரண்டியின் பின்புறத்தில் கோடிழுத்தால் கோடு மெதுவாக மூடிக்கொள்ளும் பதம் சரியானது. அதைவிட நீர்த்தால் ஓட்டைக் கொல்லும், கெட்டியானால் தகடாகும்.

பத்து நிமிட வேலை. உருளையோடு ஒரு நாள் மல்லுக்கட்டுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைகளில் ஊற்றும் சாஸ் பெரும்பாலும் மணிக்கணக்கில் சூட்டில் கிடப்பது. கடையில் வாங்கும் குப்பிகள் சிலவற்றின் உறையில் சீஸுக்கு முன்னால் நீரும் தாவர எண்ணெயும் மாவும் வரிசையில் நிற்கும். உறைமேல் பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படுகின்றன என்பதை நினைவில் வைத்தால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் வீடு சிறு வித்தியாசத்தில் வெல்லவில்லை. கடை பக்கத்திலேயே இல்லை.

மேலே போடுவதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஈரமானது எதுவும் வேண்டாம். தக்காளி சால்சா, தண்ணீர் விடும் வெங்காயம், குளிர்ந்த மயோனைஸ் மூன்றும் ஓட்டுக்கு எதிரிகள். சாஸில் கொழுப்பு மிகுதி என்பதால் புளிப்பு ஒன்று அவசியம்: ஹாலபீன்யோ ஊறுகாய், இல்லாவிட்டால் சைனீஸ் கடைகளில் மேசைமேல் வைத்திருக்கும் வினிகர்ப் பச்சைமிளகாயை வடித்துத் துடைத்துப் போடலாம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பிடிக்கிறது. இறைச்சி வேண்டுவோர் ஈரம் வற்றச் சுண்டிய கொத்துக்கறியைத் தூவலாம், குழம்புப் பதத்தில் அல்ல. பெரிபெரிப் பொடியை எல்லாவற்றின்மேலும் தூவும் இப்போதைய வழக்கம் என்னை ஈர்க்கவில்லை. நல்ல சாஸை அது மூடிமறைக்கிறது, மோசமான சாஸைக் காப்பாற்றுகிறது. கடைகள் அதை நேசிப்பதன் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

பரிமாறும் பாத்திரத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. ஆழமான கிண்ணத்தில் குவித்தால் அடியிலுள்ளவை ஆவியில் வெந்து சாகும், சாஸும் மேலடுக்கோடு நின்றுவிடும். அகலமான தட்டில் பரப்பி, சாஸில் மூன்றில் இரண்டு பங்கைக் கோடுகோடாக ஊற்றி, மீதியைச் சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வைப்பது மேல். எல்லாத் துண்டும் நனையக் கூடாது. சில முனைகள் காய்ந்து மொறுமொறுவென்று நீட்டிக்கொண்டிருக்க, நடு ஊறியிருக்க வேண்டும். பூட்டீனிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான். கடைசி ஈடு எண்ணெயிலிருந்து வரும்போது சாஸ் தயாராக இருக்க வேண்டும், உண்பவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு வரும் நேரத்தில் ஓடு போய்விடும்.

எதிர்வாதம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உடம்புக்கு நல்லதில்லை. வறுத்த மாவு, கொழுப்பு, அதன்மேல் ஏகப்பட்ட சோடியம். வீட்டில் செய்ததால் இது சத்துணவாகிவிடாது. ‘ஆரோக்கிய’ வடிவங்களையும், அதாவது அடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளி, தயிர் கலந்த சாஸ் போன்றவற்றையும் பரிசீலித்தே ஒதுக்குகிறேன். அவை தனியாக நல்ல சிற்றுண்டிகளாக இருக்கலாம். இந்தப் பெயரில் வந்தால் இரண்டு வகையிலும் ஏமாற்றம். அபூர்வமாகச் செய்யுங்கள், செய்யும்போது எண்ணெயில் வறுத்தே செய்யுங்கள்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘கடை ருசி வீட்டில்’ என்ற வாக்கு உருளையைப் பொறுத்தவரை வெற்றுப்பேச்சு. விதைரகமும் கிடங்கும் ஆலையும் சேர்ந்து செய்ததை ஒரு கத்தியும் வாணலியும் எட்டிப்பிடிக்காது, எட்டவும் தேவையில்லை, அது பையாகவே கடையில் கிடைக்கிறது. வறுப்பதில் கடைக்குச் சிறு முன்னிலை. சின்னச் சின்ன ஈடுகளாகப் போட்டால் அதையும் ஈடுகட்டலாம். சாஸில் வீடு முழுதாக வெல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டிக்கும் வாய்க்கும் நடுவே வீட்டில் சில அடி தூரம்தான். எந்தக் கடையாலும் இதற்கு ஈடு தர முடியாது. அமெரிக்காவின் வெண்டீஸ் நிறுவனம் வீட்டுக்கு எடுத்துப்போகும் தூரத்தைத் தாங்குவதற்காகவே 2021இல் தன் ஃப்ரைஸை மாற்றியமைத்தது. அதுவும் வெறும் ஃப்ரைஸுக்கு. சீஸ் ஊற்றி, மூடி போட்டு, பையில் கட்டி, இருசக்கர வண்டியில் அரை மணி நேரம் வரும் உருளைக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

அதனால், கடைக்கே போய் நின்று தின்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டுக்கு வரவழைத்தே ஆக வேண்டுமென்றால் சாஸைத் தனி டப்பாவில் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் பர்கரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.